பத்தொன்பது நாற்காலிக்கு ஓர் ஏழை

தான் ஓர் ஏழை என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத்தான் தெரியவந்தது. அதுவரை அவருக்கு அப்படியொரு சந்தேகம் எழுந்ததே இல்லை. மாதாமாதம் சம்பளம் வந்துகொண்டிருந்தது. மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. இரண்டு அறை வீடு, ஓடுகிற நிலையில் ஒரு பைக், யாரும் ஏறாத ஓர் உடற்பயிற்சி சைக்கிள். ஒரே மகள். ஏழு வயது. பக்கத்துத் தெருக்களைத் தாண்டினால் வரும் அரசு ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். ஆனால் அவள் செய்கிற வேலைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லி முடிக்கும் பொறுமை யாருக்கும் இல்லாததால் வீட்டிலும் தெருவிலும் அவள் வாலு.

அன்று காலை அவர் பதினோரு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் இருந்தார். இரண்டாம் நம்பர் லிஃப்ட் நான்காம் மாடியில் கதவைத் திறந்துகொண்டு மூட மறுத்தது. அவர் மண்டியிட்டுக் கதவு ஓடும் தடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஆறாம் மாடிக் கணக்காளர் அம்மாள் படி வழியாக இறங்கி வந்து அவர் கையில் ஒரு பையைத் திணித்தார்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. என் பையனோட ஷூ. ரெண்டு மாசம்தான் போட்டான்."

"எதுக்கு மேடம்?"

"குழந்தைக்கு." அவர் கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு கஷ்டத்தை மனசுல வச்சுக்கிட்டு எங்ககிட்ட எப்படிண்ணே சிரிச்சுப் பேசினீங்க?"

மெக்கானிக்குக்கு அந்த அம்மாளிடம் சிரித்துப் பேசியதாக நினைவில்லை. கடைசியாக அவர்கள் பேசிக்கொண்டது அந்த அம்மாள் நாற்பது நிமிடம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட அன்று. அன்று பேசியது முழுக்க அந்த அம்மாள்தான். மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை என்பதைப் பார்த்து அவர் தன் ஃபோனை எடுத்துக் காட்டினார்.

'நீட்டிய கை' என்று ஓர் இணையதளம். பள்ளிக்கூடங்களுக்கு வேண்டியதைப் பொதுமக்களிடம் கேட்டு வாங்கித் தருவதற்காகக் கல்வி அலுவலகம் நடத்துவது. முதல் பக்கத்தில் வாலுவின் படம். கையில் ஓர் அங்குல நீளத்துக்கு ஒரு பென்சில். படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது:

"இவளுடைய தந்தை நாள் முழுவதும் மற்றவர்களை மேலே ஏற்றுகிறார். தன் மகளை மட்டும் அவரால் ஏற்ற முடியவில்லை. இவளிடம் இருப்பது ஒரே ஒரு பென்சில். அதுவும் தேய்ந்துவிட்டது, அப்பாவைப் போலவே."

மெக்கானிக் அதை இரண்டு முறை படித்தார். இரண்டாவது முறை அவருக்கே அந்த அப்பாமேல் பாவமாக இருந்தது. எழுதியவர் யாராயிருந்தாலும் தொழில் தெரிந்தவர்.

உண்மை வேறு. வாலுவிடம் பென்சிலுக்குப் பஞ்சமே இல்லை. சீவும்போது சுருண்டு விழுகிற தோலை ஒட்டிக் காகிதப் பொம்மைகளுக்குப் பாவாடை தைப்பது அவள் தொழில். ஒரு பொம்மைக்கு மூன்று பென்சில் பிடிக்கும். அந்த வீட்டில் பென்சில் தேய்வதற்குக் காரணம் வறுமையல்ல, கலை.

மதியத்துக்குள் கட்டடம் முழுவதும் விஷயம் பரவிவிட்டது. டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். இதுநாள்வரை அவரை 'ஏம்பா லிஃப்டு' என்றே கூப்பிட்டு வந்த ஒன்பதாம் மாடி மேனேஜர் தோளில் கைவைத்து, "கல்வியை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். அன்று கட்டடத்தில் ஒருவர்கூட லிஃப்டைப் பற்றிக் குறை சொல்லவில்லை. மெக்கானிக்குக்கு அதுதான் மிகவும் அவமானமாக இருந்தது.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

தலைமையாசிரியை அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "நீங்கதானா அந்த அப்பா?" கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "எல்லாரும் வாங்க. அந்த அப்பா வந்திருக்கார்."

நான்கு ஆசிரியைகள் வந்தார்கள். மூன்று பேர் அவரை அன்பாகப் பார்த்தார்கள். நான்காவது ஆள் வாலுவின் வகுப்பு டீச்சர். அவர் மட்டும் தரையைப் பார்த்தார்.

"மேடம், ஒரு தப்பு நடந்திருக்கு. நான் ஏழை இல்ல."

"இப்படிச் சொல்றதுக்கே பெரிய மனசு வேணும்."

"இல்ல மேடம், நெஜமாவே இல்ல. எனக்கு மாசச் சம்பளம் வருது."

"வருது. ஆனா பத்தலை."

"பத்துது மேடம்."

தலைமையாசிரியையின் முகம் சற்று வாடியது. "சார், பத்துதா பத்தலையான்னு நீங்களும் நானும் முடிவு பண்ண முடியாது. வேண்டுகோளை எழுதினது கல்வி அலுவலகம். நாங்க குழந்தையோட படத்தையும் அப்பா என்ன தொழில்ங்கறதையும் மட்டும்தான் அனுப்பினோம்."

"இத்தனை பேர்ல என் பொண்ணு எதுக்கு?"

"முதல்ல வேற ரெண்டு குழந்தைங்க படம்தான் அனுப்பினோம். நெஜமாவே கஷ்டப்படற வீடு. ஒண்ணுக்குச் சிரிச்ச முகம். வேண்டாம்னுட்டாங்க. இன்னொண்ணோட அப்பாவுக்கு வேலை இல்ல. வேலையில்லாதவர்னு போட்டா ஜனங்க புத்தி சொல்லுவாங்களாம், பணம் தர மாட்டாங்களாம். உங்க தொழிலைப் பாத்ததும் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஏத்தறது, இறக்கறதுன்னு எழுத வசதியா இருக்காம்."

மறுநாள் அவர் கல்வி அலுவலகத்துக்குப் போனார். முதலில் அவர் கவனித்தது அங்கே இருந்த லிஃப்டைத்தான். அருமையாக ஓடியது. மூன்றாம் மாடியில் 'பொதுமக்கள் பங்களிப்பு ஊக்குவிப்புப் பிரிவு' என்ற பலகை. காத்திருப்போர் கூடத்தில் மெத்தை வைத்த நாற்காலிகள் நாற்பதாவது இருக்கும். உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர். சுவரெங்கும் சட்டம் போட்ட பெரிய படங்கள். எல்லாப் படங்களிலும் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அந்தந்த ஆண்டின் சிறந்த வேண்டுகோள் என்று பித்தளையில் பொறித்திருந்தார்கள்.

துணை இயக்குநர் அவரை வாசல்வரை வந்து அழைத்துப் போனார்.

"இந்த வருஷம் உங்களுதுதான் முதல் இடம். காலைல கார்ல படிச்சேன். ஓரமா நிறுத்திட்டேன் சார், ஓட்ட முடியல."

"சார், அதுல இருக்கறது உண்மையில்ல."

"உண்மைன்னு நாங்க எங்கயும் போடலையே. வேண்டுகோள்னுதானே போட்டிருக்கோம்."

துணை இயக்குநர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இது உங்க பொண்ணோட டீச்சர் முதல்ல எழுதினது. படிச்சுப் பாருங்க."

தாளில் மூன்று வரிகள்தான் இருந்தன. இரண்டாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். நாற்காலி பத்தொன்பது. இன்னும் பத்தொன்பது தேவை.

"நாலு மாசம் இதைத் தளத்துல வச்சிருந்தோம். ரெண்டே பேர் பணம் குடுத்தாங்க. ஒருத்தர் டீச்சரோட அக்கா. இன்னொருத்தர் தவறா அழுத்திட்டேன்னு திருப்பி வாங்கிட்டார். எங்ககிட்ட உருக்க மதிப்பெண்னு ஒண்ணு இருக்கு. இதுக்கு நூத்துக்கு மூணு. அந்த மூணும் எழுத்துப் பிழை இல்லாததுக்கு. அதே நாற்காலிக்குத்தான் அப்புறம் உங்க பொண்ணோட பென்சிலை வச்சுக் கேட்டோம்."

"நாற்காலிதானே சார். அரசாங்கமே வாங்கிக் குடுத்தா என்ன?"

துணை இயக்குநர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"முன்னாடி அப்படித்தான் வாங்கினோம். வருஷா வருஷம் நாற்காலி போகும். குழந்தைங்க உக்காரும். அவ்வளவுதான். ஒரு உணர்ச்சி இல்ல. ஒரு கண்ணீர் இல்ல, ஒரு கைதட்டல் இல்ல. நாற்காலி வெறும் நாற்காலியா இருந்துச்சு. இப்ப அந்த நிதியை எங்க பிரிவுக்கு மாத்தியாச்சு. எழுதறவங்க நாலு பேர், படம் எடுக்கறவங்க ரெண்டு பேர், உருக்கத்தை அளக்கறதுக்கு ஒரு நிபுணர். ஜனங்ககிட்ட கேக்கறதுன்னா சும்மாவா சார்? அரசு குடுத்தா அது கடமை. மக்கள் குடுத்தா அது அன்பு. கடமையைச் செஞ்சு அன்பைக் கெடுத்துடக் கூடாதுன்னு நாங்க ரொம்பக் கவனமா இருக்கோம்."

யோசிக்க யோசிக்க அது சரியாக இருப்பதுபோலவே தோன்றியது மெக்கானிக்குக்குப் பயமாக இருந்தது. "என் பொண்ணு படத்தை எடுத்துடுங்க சார். அவ்வளவுதான் நான் கேக்கறது."

"தாராளமா." துணை இயக்குநர் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். ஏழ்மை மறுப்பு விண்ணப்பம். "ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, நீங்க ஏழை இல்லைங்கறதுக்கு அத்தாட்சி. கீழ சான்றிதழ் பிரிவுல வாங்கிக்கலாம். ரெண்டாவது, வகுப்பு டீச்சரோட கையெழுத்து. வந்த பணத்தை நாங்க திருப்பி அனுப்பிடுவோம். அறுநூத்திச் சொச்சம் பேர். ஒவ்வொருத்தருக்கும் குழந்தை கைப்பட ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரணும். அப்புறம் நாற்காலி ஆர்டர் ரத்தாகும். அது சின்ன விஷயம்."

சான்றிதழ் பிரிவின் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அவர் சொன்னதை அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். அவரும் வேண்டுகோளைப் படித்திருந்தார்.

"வருமானம் கம்மின்னு சான்றிதழ் தருவோம். கம்மி இல்லைன்னு தர்றதில்ல. இத்தனை வருஷ சர்வீஸ்ல அது வேணும்னு ஒருத்தர் வந்ததில்ல."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

குமாஸ்தா நல்ல மனிதர். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்ததையும் பொருட்படுத்தாமல் யோசித்தார். "ஏழைன்னு விண்ணப்பம் போடுங்க. நாங்க விசாரிச்சு நிராகரிப்போம். அந்த நிராகரிப்புக் கடிதத்தைக் கொண்டுபோய்க் குடுத்தா முடிஞ்சுது."

மெக்கானிக் சம்பளச் சீட்டை இணைத்து விண்ணப்பம் போட்டார். சாதாரணமாக மூன்று மாதம் ஆகிற வேலை மூன்றே நாளில் முடிந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தது. விசாரணை அதிகாரி சம்பளச் சீட்டைப் பார்க்கவில்லை. தளத்தில் இருந்த வேண்டுகோளை அச்செடுத்து, 'நேரில் விசாரித்ததில் உண்மை என அறியப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். முத்திரை மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

இப்போது அவர் சட்டப்படியும் ஏழை. சான்றிதழை நான்காக மடித்துக் கருவிப்பெட்டியின் அடித்தட்டில் ஸ்பானர்களுக்குக் கீழே வைத்தார். மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாள் மாலையும் நினைத்தார். அவள் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது சொல்லலாம் என்று இருப்பார். கழற்றி முடித்ததும் சாப்பிட்டபின் சொல்லலாம் என்று நினைப்பார். சாப்பிட்டபின் அவள் களைத்திருப்பாள். ஊரே தன்னைப் பார்த்துப் பாவப்படுகிறது என்பதை ஒருவன் தன் பெண்டாட்டியிடம் எந்த வாக்கியத்தில் தொடங்குவான் என்று அவருக்குத் தெரியவில்லை.

அத்தாட்சி இல்லாவிட்டாலும் போகிறது, டீச்சரின் கையெழுத்தையாவது வாங்கிக்கொண்டு போய்ச் சண்டை போடலாம் என்று முடிவுசெய்து, படிவத்தோடு ஒருநாள் மதியம் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறினார். மகள் இந்தப் பள்ளியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. தினமும் காலையில் கேட்டருகே இறக்கிவிடுவார். படியேறியது அதுதான் முதல் தடவை.

வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. பத்தொன்பது குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். பத்தொன்பது குழந்தைகள் நின்றுகொண்டிருந்தார்கள். நின்றவர்களில் சிலர் நோட்டைச் சுவரில் அழுத்திப் பிடித்து எழுதினார்கள், சிலர் முன்னால் உட்கார்ந்திருந்தவனின் முதுகில் வைத்து எழுதினார்கள். யாரும் தள்ளவில்லை, யாரும் அழவில்லை. டீச்சர் இரண்டு முறை கைதட்டினார். உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். மெக்கானிக் பதினாறு வருடமாகக் கதவுகளைச் சத்தமில்லாமல் திறந்து மூட வைப்பதற்குப் பாடுபட்டு வருகிறவர். அவ்வளவு சத்தமில்லாமல் எதுவும் நகர்ந்து அவர் பார்த்ததில்லை.

வாலு இப்போதுதான் எழுந்திருந்தாள். நேராக ஜன்னலுக்குப் போனாள். ஜன்னல் விளிம்பு அவள் கழுத்துயரம் இருந்தது. நோட்டை அதன்மேல் வைத்து, நுனிக்காலில் எம்பி, தலையைச் சாய்த்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். அவள் எழுத்து எப்போதும் மலையேறுகிற மாதிரிச் சாய்ந்து போகும். அதற்காக அவர் வீட்டில் எத்தனையோ நாள் அவளைத் திட்டியிருக்கிறார். போன வாரம் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார்.

அவரைப் பார்த்துவிட்டு அவள் ஓடி வந்தாள்.

"அப்பாகிட்ட ஏன்டா சொல்லல?"

"எதை?"

"நின்னுக்கிட்டு எழுதறதை."

அவள் கேள்வி விளங்காதவளாய் அவரைப் பார்த்தாள். "ஸ்கூல்ல அப்படித்தான்பா."

டீச்சர் வெளியே வந்தார். அவர் பேசியது குழந்தைகளுக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக இருந்தது. "நாலு மாசம் நாற்காலின்னே எழுதிப் பாத்தேன் சார். யார் காதுலயும் விழல. பென்சில்னு அவங்களா மாத்திக்கிட்டாங்க. படிச்சப்ப எனக்கு உடம்பு கூசிப் போச்சு. எடுங்கன்னு சொல்லியிருக்கணும். ஆனா அதுக்குள்ள பணம் வர ஆரம்பிச்சுது, நானும் பேசாம இருந்துட்டேன்." படிவத்தை வாங்கிச் சுவரில் வைத்துப் பேனாவைத் திறந்தார். "எங்க கையெழுத்துப் போடணும்?"

மெக்கானிக் உள்ளே பார்த்தார். நின்றுகொண்டிருந்த ஒரு பொடியன் வலது காலைத் தூக்கி இடது காலில் தேய்த்துக்கொண்டிருந்தான். வாலு மறுபடியும் ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

"வேண்டாம் டீச்சர்" என்று படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடுங்க சார்."

"நீங்க எதுக்கு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே விடைபெற்றுக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து நாற்காலிகளை ஒப்படைக்கும் விழா வந்தது. அன்று காலை பங்களிப்புப் பிரிவிலிருந்து தோற்றச் சீராளர் என்ற பொறுப்பில் ஓர் அம்மாள் வந்து மெக்கானிக்கை ஒரு காலி அறைக்கு அழைத்துப் போனார். வேலை உடுப்பில் வரச் சொல்லியிருந்தார்கள். வந்திருந்தார். அந்த அம்மாளுக்குத் திருப்தி இல்லை.

"இவ்வளவு சுத்தமா இருக்கே."

"வீட்டுல துவைச்சுப் போடறாங்க மேடம்."

அந்த அம்மாள் ஒரு டப்பாவைத் திறந்து விரலில் கறுப்பு மையை எடுத்து அவருடைய நெஞ்சிலும் கன்னத்திலும் தடவினார்.

"கிரீஸ் அங்கெல்லாம் படாது மேடம். முழங்கையிலதான் படும்."

"படத்துல தெரியற இடத்துல படணும் சார்."

ஏழையாக இருக்க அவர் எப்படியோ தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருந்தார். வேலை தெரியாதவனாகத் தெரிவதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

பென்சிலிலும் ஒரு சிக்கல். படத்தில் இருந்த பென்சில் எப்போதோ தொலைந்துவிட்டது. அலுவலகக் குமாஸ்தாக்கள் இருவர் புதுப் பென்சில் டப்பா ஒன்றை உடைத்து, ஓர் அங்குலம் வரும்வரை ஒவ்வொன்றாகச் சீவிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு சீவி, அதில் மிகவும் பரிதாபமாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். மேசையில் தோல் மலையாகக் குவிந்திருந்தது. வாலு அதையெல்லாம் ஒரு பையில் அள்ளிக் கட்டிக்கொண்டாள். அன்றைய விழாவில் உண்மையான மகிழ்ச்சி அடைந்தவள் அவள் ஒருத்திதான்.

நாற்காலிகள் பாலித்தீன் உறை பிரிக்காமல் வந்திருந்தன. ஆனால் பள்ளி மண்டபத்தில் விருந்தினர்கள் உட்கார நாற்காலி போதவில்லை. அதனால் புது நாற்காலிகள் பத்தொன்பதையும் முதல் வரிசையில் போட்டு, அதிகாரிகளையும் நன்கொடையாளர்களையும் உட்கார வைத்தார்கள். ஏழு வயதுக்கு அளவெடுத்த நாற்காலிகள். பெரிய மனிதர்கள் முழங்கால்கள் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் முப்பத்தெட்டுப் பேரும் மேடையோரம் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். அவர்களுக்குப் பழக்கம்தான்.

துணை இயக்குநர் பேசினார்.

"ஒரு குழந்தை நிக்கும்போதுதான் ஒரு சமுதாயம் எழுந்து நிக்குது. எல்லாக் குழந்தையும் உக்காந்துட்டா, நாம எழுந்திருக்கறதுக்குக் காரணமே இல்லாம போயிடும். அந்த நிலை நம்ம நகரத்துக்கு வரவே கூடாது." கைதட்டல். "அடுத்த வருஷம் நம்ம இலக்கு ரெண்டு மடங்கு. அதுக்கேத்த மாதிரி தேவைகளையும் ரெண்டு மடங்காக்கச் சொல்லி எல்லாப் பள்ளிக்கும் உத்தரவு போயிருக்கு. ஒரு குறையும் இல்லைன்னு எழுதிக் குடுத்த பள்ளிகள் நாலு இருக்கு. அந்தத் தலைமையாசிரியர்கள்கிட்ட விளக்கம் கேட்டிருக்கோம். மக்கள் அன்பு காட்டத் தயாரா இருக்காங்க. அதை வாங்கிக்கறதுக்கு நம்மகிட்ட இடம் இல்லைன்னா அது யார் தப்பு?"

பிறகு மெக்கானிக்கை அழைத்தார்கள். கையில் ஓர் அட்டையைக் கொடுத்திருந்தார்கள். மூன்று வாக்கியம். அவர் மைக்குக்கு முன்னால் நின்று படித்தார்.

"நான் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றினேன்."

தலையை நிமிர்த்தியபோது மண்டபத்தின் பின்வாசலில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கடையின் வெள்ளை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். வாலு கொண்டுவந்த அழைப்பிதழை அவர் குப்பையில் போட்டிருந்தார். மனைவி அதை எடுத்திருக்கிறாள்.

அவருக்குக் குரல் எழும்பவில்லை. மண்டபம் அமைதியாயிற்று. அந்த இடைவெளி துணை இயக்குநருக்கு மிகவும் பிடித்திருந்தது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து முதல் வரிசை முழுவதும் துடைத்துக்கொண்டது. மெக்கானிக் மேடையோரம் பார்த்தார். வகுப்பில் கூடப் படிக்கிறவன் தப்பான விடை சொல்லும்போது பார்க்கிற மாதிரி வாலு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வாக்கியத்தையும் படித்தார். "என் மகளை ஏற்ற எனக்கு வழியில்லை, இன்று நீங்கள் ஏற்றினீர்கள்."

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

விழா முடிந்து விருந்தினர்கள் கார்களில் கிளம்பிப் போனபின்தான் நாற்காலிகளை இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோக யாருமில்லை என்பது தெரிந்தது. பள்ளியில் லிஃப்ட் கிடையாது. டீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு நாற்காலியைத் தூக்கினார். மெக்கானிக் கன்னத்து மையைத் துடைத்துவிட்டு நான்கைத் தூக்கினார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால், மனைவி மேலங்கியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று நாற்காலியோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். கடைசி நாற்காலியைப் போட்டதும் வரிசை கோணலாக இருக்கிறது என்று அவள்தான் நேராக்கினாள்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். அவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாலு பென்சில் தோல் பையை அணைத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"எனக்கு ஒரு மாசமா தெரியும்" என்றாள் மனைவி. "கடைக்கு வர்றவங்க மிச்சச் சில்லறையை வாங்காம போறாங்க. ஒரு பெரியவர் எனக்கே இருமல் மருந்து வாங்கிக் குடுத்தார். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"மைக்ல சொன்னீங்களே."

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள். "அந்தப் பசங்க நின்னுக்கிட்டு இருந்ததைப் பாத்தேன். நானா இருந்தாலும் படிச்சிருப்பேன். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் படிச்சிருக்கலாம்ங்க. ரெண்டு பேருமா தலை குனிஞ்சிருக்கலாம்."

வாலு நின்று திரும்பினாள். "அப்பா, என்னை ஏத்த வழியில்லைன்னு சொன்னியே. தினமும் பைக்ல ஏத்திக்கிட்டுத்தானே போறே?"

"அது எழுதிக் குடுத்ததுடா."

"யாரு?"

"ஆஃபீஸ்ல."

"அவங்களுக்கு நம்மளத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு மறுபடியும் நடந்தாள்.

திங்கட்கிழமை இரண்டாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். மாலையில் வாலு வந்து நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் கால் மரத்துப்போகிறது என்று புகார் சொன்னாள். நோட்டை வாங்கிப் பார்த்தார். வரிகள் நேராகப் போயிருந்தன. அவர் அதை மனைவியிடம் காட்டினார். இருவரும் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வாலு ஒரு பாதி அழிப்பானோடு வந்தாள். மூன்றாம் வகுப்பு அக்கா ஒருத்தி கொடுத்தாளாம். புதன்கிழமை பள்ளியில் யாரோ அவளைப் பென்சில் என்று கூப்பிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றுமில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பள்ளித் தெருவின் முனைக்கு வந்ததும் அவர் முதுகைத் தட்டினாள்.

"இங்கயே நிறுத்துப்பா."

"ஏன்? கேட் கிட்டயே விடறேன்."

"வேண்டாம். நான் நடந்து போறேன்."

"மழை வர்ற மாதிரி இருக்குடா."

அவள் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள். "உன்னைப் பாத்தா எல்லாரும் பாவம்னு சொல்றாங்கப்பா."

அவர் வண்டியை நிறுத்தினார். அவள் இறங்கிப் பையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். பாதி வழியில் ஒரு தடவை திரும்பினாள். அவர் பின்னால் வருகிறாரா என்று பார்க்கத்தான். அவர் கையை உயர்த்தினார். அவள் கை உயரவில்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் சட்டென்று பார்த்துவிட்டு, கேட்டுக்குள் ஓடினாள்.

முதல் மணி அடித்தது. அவர் பைக்கில் உட்கார்ந்தபடியே இருந்தார். தெருவில் போன ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டு நடையைத் தளர்த்தினார். மெக்கானிக் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். இரண்டாம் மணியும் அடித்து ஓய்ந்தது. இந்நேரம் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். பிறகு வண்டியைத் திருப்பினார்.